ஆற்று விளையாட்டில் ஒரு கள்ளன்

தொண்ணூறுகளின் கடைசி. ஓணப் பரீட்சையும் விடுமுறையும் முடிந்து திருவனந்தபுரத்தில் பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த சமயம். கரமனை ஆறு நகரத்துக்குள் நுழைவதற்கு முன்னால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் இடத்தில் ஒரு அரசுப் பள்ளி. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன்.

நான் டீச்சர் இல்லை. ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நகரத்துக்குள் ஸ்ரீவராகம் பகுதியில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் பத்து வருடம் பரதம் கற்றுக்கொண்டு, அரங்கேற்றத்துக்கு முன்பே கல்யாணமாகி, சலங்கையைப் பரணில் ஏற்றியவள். என்னைப் போல நாலைந்து பேர் சேர்ந்து, பிள்ளைகளுக்கு ஆறு, காடு, கடல் பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு சிறு குழுவாக இயங்கினோம். கரும்பலகை கிடையாது, நோட்டு கிடையாது, எல்லாமே ஓடி ஆடிக் கற்கும் விளையாட்டு. மரத்தை வெட்டாதே என்று நூறு தடவை எழுதுவதைவிட ஒரு தடவை மரமாக நின்று பார்க்கட்டும் என்பது எங்கள் கட்சி. விளையாட்டுகளை உருவாக்குகிற வேலை என்னுடையது. எனக்கு அது நன்றாக வருகிறது என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அதனால் வந்த தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பள்ளிக்காக நான் யோசித்தது ஒரு ஆற்று விளையாட்டு. அப்போது ஆற்றில் மணல் அள்ளுவது பெரிய பேச்சாக இருந்தது. மணல் போனால் கிணறு ஏன் வற்றுகிறது என்று பிள்ளைகளின் உடம்புக்கே புரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருபது பிள்ளைகள் மைதானத்தில் நெருக்கமாகக் குந்தி உட்கார்வார்கள். அவர்கள் மணல். கரையில் நான்கு பேர் நிற்பார்கள். அவர்கள் கிணறுகள். ஐந்து பேர் தண்ணீர். அவர்கள் இடுப்பு நிறைய நீலத் துணி நாடாக்களைச் செருகிக்கொண்டு ஆறாக ஓடி வர வேண்டும். மணலுக்கு நடுவே வளைந்து வளைந்து வருவதால் வேகம் குறையும். அப்போது மணல் பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாவை உருவி, கைமாற்றிக் கைமாற்றிக் கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மணலை எடுத்துவிட்டால் தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடிப் போய்விடும், கிணறு கையை நீட்டிக்கொண்டு வெறுமனே நிற்கும். என் பழைய நீலப் புடவை ஒன்றைக் கிழித்துத்தான் நாடாக்கள் செய்தேன்.

எல்லாம் நன்றாக வந்தது, மணல் எடுக்கிற இடம் மட்டும் சப்பென்று இருந்தது. நாலு பேர் ஓடி வந்து மணல் பிள்ளைகளின் தோளைத் தட்டி, லாரியாக நின்ற மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் பாரமே இல்லை. ஆற்றில் மணல் எடுப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

அதுவரை அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தெற்கே கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம். வகுப்பில் எல்லோருடனும் மலையாளம் பேசுவாள், என்னிடம் மட்டும் தயங்கித் தயங்கித் தமிழ். அன்று எல்லோருக்கும் நடுவில் வந்து நின்று செய்து காட்டினாள். வள்ளத்தின், அதாவது படகின், விளிம்பில் நிற்பது போல ஒரு காலை முன்னால் வைத்தாள். ஊன்றி நிறுத்திய மூங்கிலை ஒரு கையால் பிடித்தாள், மறு கையில் கூடை. மூச்சை இழுத்தாள். மூங்கிலைப் பிடித்தபடியே கீழே கீழே போனாள். காலால் மணலைக் கூடைக்குள் தள்ளினாள். பிறகு முழங்கால் நடுங்க, தோள் ஒரு பக்கம் சாய, பாரத்தோடு மேலே வந்தாள். கூடையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, வள்ளத்தில் கொட்டினாள். முகத்தை வழித்துவிட்டு, பக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் மூச்சை இழுத்தாள்.

பத்து வருடம் ஜதி சொல்லி ஆடியும் எனக்கு வராத ஒன்று அந்தப் பிள்ளைக்குத் தானாக வந்திருந்தது. கை வலிக்கத் தட்டினேன். அவள் முகம் பூரித்துப் போனது. இதை எங்கே பார்த்தாய், யாரைப் பார்த்துக் கற்றாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதோ கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அந்த அசைவை அப்படியே எடுத்து, மணல் எடுக்கிற நாலு பேருக்கும் கற்றுக்கொடுத்தேன். கடைசியில் திரும்பிப் பார்ப்பதை மட்டும் வெட்டினேன். ஆட்டத்தின் வேகத்தை அது குறைத்தது.

அவள்தான் நாலு பேரில் முதலாவதாக நின்றாள். ஆட்டம் தொடங்கியது. அவர்கள் முங்கி எழுந்து மணலைக் கொண்டுபோகக் கொண்டுபோக, கரையில் நின்ற பிள்ளைகளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. யாரோ ஒருவன் “கள்ளன்!” என்று கத்தினான். உடனே எல்லோரும் “கள்ளன்! கள்ளன்! மணல் கள்ளன்!” என்று கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எழுதி வைத்ததில் அது கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட்டு ரத்தத்தில் ஏறிவிட்டது என்று எனக்குப் பெருமை. நானே கையைத் தட்டித் தாளம் போட்டேன். இதை இந்த விளையாட்டில் வைத்துக்கொள்வோம் என்று அந்த நிமிடமே முடிவும் செய்துவிட்டேன்.

கூடையோடு எழுந்த அந்தப் பெண் பாதியில் நின்றுவிட்டாள். நான் விசில் ஊதி, “நிக்காதே, நிக்காதே, லாரி காத்துண்டிருக்கு!” என்று கத்தினேன். கொண்டுபோய்க் கொட்டினாள். அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை. வயிறு வலிக்கிறது என்று ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு நான் என் விளையாட்டைப் பார்க்கப் போய்விட்டேன். தலைமை ஆசிரியைக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த மாதம் பல பள்ளிகள் சேர்ந்து நகரத்தில் நடத்தும் விழாவில் இதையே செய்து காட்டலாம் என்றார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்த பெண்பிள்ளை நான்தான்.

அடுத்த சனிக்கிழமை போனபோது, நான் வருவதற்கு முன்பே பிள்ளைகள் அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு இல்லை, கிணறு இல்லை, நீல நாடா இல்லை. ஒருவர் முங்கி எழ, மற்றவர்கள் சுற்றி நின்று கள்ளன் என்று கத்தித் துரத்துகிறார்கள். நான் கற்பித்ததில் அவர்களுக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அந்தப் பெண்ணைக் காணோம். எங்கே என்று அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சிறுமியிடம் கேட்டேன்.

“அவள் வரில்லா டீச்சரே. அவள் மணல் கள்ளன்டெ மோளாணு.” மணல் கள்ளனின் மகளாம். அவள் அப்பா கடவில் முங்கி மணல் எடுப்பவராம். கடவு என்றால் வள்ளங்கள் கரை சேர்ந்து மணலை இறக்குகிற துறை. திங்கட்கிழமை நாள் முழுக்க எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படியெல்லாம் ஒருத்தியைச் சொல்லலாமா என்று நான் அதட்டினேன். அந்தச் சிறுமி பயப்படவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“டீச்சர் தன்னெ அல்லே களியில் அங்ஙனெ விளிப்பிச்சது?”

விளையாட்டில் அப்படிக் கூப்பிட வைத்ததே நீங்கள்தானே என்கிறாள். என் முகத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது.

தலைமை ஆசிரியையிடம் போனேன். திங்கட்கிழமை வந்தாள், செவ்வாயிலிருந்து வரவில்லை, காய்ச்சலாக இருக்கும் என்றார். அம்மா சாலை பஜார் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள், விடியும்போதே போய்விடுவாள். அப்பாவைக் கடவில் பார்க்கலாம் என்றும் சொன்னார். விளையாட்டை எங்கள் குழுவில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தோப்பு வழியாக ஆற்றங்கரையோரமே நடந்தேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது ஒரு விளையாட்டு என்று ஒரு வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டே போனேன்.

கடவில் நாலைந்து வள்ளங்கள் நின்றன. ஒவ்வொரு வள்ளத்துக்கும் பக்கத்தில் இரண்டு பேர் மாற்றி மாற்றி முங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அசைவை நான் முன்பே பார்த்திருந்தேன். விளிம்பில் வைத்த கால், மூங்கிலைப் பிடித்த கை, சாய்ந்த தோள், எல்லாம் அப்படியே. ஒவ்வொருவரும் எழுந்து, கூடையைக் கவிழ்த்து, முகத்தை வழித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. கூட முங்கிய ஆள் மேலே வந்துவிட்டானா என்று பார்க்கிறார்கள். அவன் தலை தெரிந்த பிறகுதான் அடுத்த மூச்சு. அந்தப் பார்வையைத்தான் நான் வேகத்துக்காக வெட்டியிருந்தேன். உருப்போட்ட வாக்கியம் எனக்கு மறந்து போயிற்று.

அவள் அப்பா யார் என்று விசாரித்தேன். கரைக்கு வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கண் இரண்டும் தண்ணீரில் ஊறிச் சிவந்திருந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றதும் தோளிலிருந்த தோர்த்துத் துண்டை எடுத்து அவசரமாக இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

“பிள்ள எதாவது தப்பு செய்தாளா டீச்சர்?”

“அவ ஒரு தப்பும் பண்ணலை. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்கு வரலையே, உடம்பு சரியில்லையோன்னுதான்...”

அவர் முகம் மாறியதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. “வரலியா? தெனமும் காலத்த பையத் தூக்கிட்டுப் போறாளே டீச்சர். இன்னைக்கும் டீச்சருக்க வெளையாட்டு உண்டும்னு சொல்லிட்டுத்தானே போனா?” என்றார். பிறகு திரும்பி, முதலில் ஆற்றைத்தான் பார்த்தார்.

அந்த ஒரு பார்வைக்காகவே நான் ஆயுசு முழுக்க வெட்கப்பட வேண்டும். அவர் எதையோ உரக்கச் சொன்னார். வள்ளத்தில் இருந்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டுக் குதித்துக் கரையேறினார்கள். சிலர் ஆற்றின் போக்கிலேயே ஓடினார்கள். அவர் ஈர வேட்டியோடு ரோட்டுப் பக்கம் ஓட, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கோயில் குளம், ரேஷன் கடை, மரக்கடை என்று எதிர்ப்பட்ட இடமெல்லாம் கேட்டுக்கொண்டே போனோம். பத்மநாபா, பத்மநாபா என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை. அரைமணி நேரம் இருக்கும். எனக்கு அது ஒரு யுகம்.

ரோடு திரும்புகிற இடத்தில் இருந்த பஸ் நிறுத்தக் கொட்டகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணக்குப் புத்தகம். போக முடியாத பள்ளிக்கூடத்தைத் தானே நடத்துவது போல, வரிசையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் அடிக்கப் போகிறார் என்று பயந்து நான் முன்னால் போனேன். அவர் மூச்சு வாங்க நின்று, “சாப்பிட்டியா மக்களே?” என்று மட்டும் கேட்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்த ஈர வேட்டியையும் தோர்த்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பேர் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவள் அவர்களிடமிருந்தும் விலகி நின்றாள். அவர் சொன்னார், லீவு நாளில் அப்பாவுக்குக் கடவுக்குச் சோறு கொண்டுபோவது அவள்தானாம். போன சனிக்கிழமை கொண்டுபோகவில்லை. அவள் அந்த முங்கலைக் கற்றது சோற்றுத் தூக்கோடு கரையில் காத்திருந்த நேரங்களில்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இனி மறைக்க முடியாது. அந்தக் கொட்டகையிலேயே, அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செய்து காட்டியது, நான் அதை எடுத்துக்கொண்டது, பிள்ளைகள் கத்தியது, நான் தாளம் போட்டது. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு காகிதம். அதை என்னிடம் காட்டவில்லை, மகளுக்கு எதிரில் விரித்துப் பிடித்தார்.

“பாஸாக்கும் மக்களே. மணல் அள்ள பஞ்சாயத்து தந்த பாஸ். சீல் இருக்கு பாரு. உனக்க அப்பன் கள்ளன் இல்ல, கேட்டியா?”

பத்து வயது மகளுக்குத் தான் திருடன் இல்லை என்று ஒரு அப்பா காகிதம் காட்டும்படி வைத்தவள் நான். அவள் அதைப் படித்தாளா என்று தெரியாது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆற்றோரம் தேடிப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பள்ளிக்குத் திரும்பி நடக்கும்போது அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது. “கெணறு வத்துறது உள்ளதுதான் டீச்சர். எங்க வீட்டுக் கெணத்துலயும் தண்ணி அடியிலதான் கெடக்கு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லணும்” என்றார். கொஞ்ச தூரம் போனதும், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்: “அந்த மணல் பொறவு எங்க போவுதுன்னு வெளையாட்டுல உண்டுமா?”

இல்லை என்றேன். மணல் மாமரத்தடிக்குப் போவதோடு என் விளையாட்டு முடிந்துவிடும். அவர் சரி என்று தலையசைத்தார். அப்போது ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். வாசலில் ஆற்று மணல் குவிந்து கிடந்தது. தினமும் காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் பஸ்ஸுக்குப் போவேன். அன்று அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தக் குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். “விளையாட்டுதானே, அதுக்குப் போயி ஏன் சாப்பிடாம உக்காந்துண்டிருக்கே?” என்றார் என் கணவர்.

அந்த வாரம் முழுக்க விளையாட்டைப் பிரித்துப் போட்டு மறுபடியும் கட்டினேன். கள்ளன் கிடையாது, கத்தல் கிடையாது. கூட முங்கியவர் எழும்வரை யாரும் அடுத்த கூடைக்குப் போகக் கூடாது என்று விதி வைத்தேன். மாமரத்தடியில் லாரி நிற்காது. அங்கே ஒரு வீடு நிற்கும். இன்னும் மணல் வேண்டும், இன்னும் மணல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு கொடுப்பது, எப்போது போதும் என்று சொல்வது என்பதை மணல் எடுப்பவர்கள், கிணறுகள், வீடு மூவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசத் தெரியாமல் பிள்ளைகள் சண்டை போட்டால் போடட்டும் என்று விட்டேன். விழாவுக்கு இது தயாராகாது என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

திங்கட்கிழமையே அவள் அப்பா அவளைக் கொண்டுவந்து வகுப்பில் விட்டிருக்கிறார். சனிக்கிழமை அவளும் வந்திருந்தாள். எல்லோரையும் உட்கார வைத்து, அந்தப் பெயரைப் பிள்ளைகள் வாயில் போட்டது நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில்தான் சொன்னேன். எப்போதும் அதைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் அன்று சிரிக்கவில்லை. பிறகு வீடாக நானே போய் மாமரத்தடியில் நின்றேன். இது நிஜ வீடு, என் வீடு, அங்கே இப்போது மாடி கட்டுகிறோம் என்றும் சொல்லிவிட்டேன். மணல் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என் காலடியில் குந்தினார்கள். கொஞ்ச நேரத்தில் என்னால் கால் நகர்த்த முடியவில்லை. தூரத்தில் நான்கு கிணறுகள் கையை நீட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. யாரும் கத்தவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குச் செய்ததை இன்னொரு தடவை செய்து காட்டுகிறாயா, நான் வெட்டிய பார்வையையும் சேர்த்து, எல்லோரும் சரியாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டேன். பரிகாரம் செய்ய அவள் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பாள் என்று நம்பினேன். கோபமில்லாமல், மெதுவாகத்தான் தலையை ஆட்டி மறுத்தாள்.

“அது எங்க அப்பாக்க முங்கலாக்கும் டீச்சர். வேண்டாம்.”

அந்த வருடம் முடியும் வரை அவள் என் விளையாட்டுகளுக்கு வந்தாள். தண்ணீராக ஓடினாள், கிணறாக நின்றாள். முங்கிக் காட்ட மட்டும் இல்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் ஆட்டம் முடிந்ததும், வாசலில் மாட்டி வைத்திருந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடவுப் பக்கம் நடப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் பஸ்ஸுக்குக் கிளம்புவேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளோடு எத்தனையோ விளையாட்டுகள் செய்துவிட்டேன். ஒரு குழந்தை தன் வீட்டிலிருந்து எதையாவது எடுத்துவந்து ஆசையாக என் முன்னால் செய்து காட்டும்போது இன்றும் என் கை தட்டத் தயங்குகிறது. இதை எங்கே வைக்கப் போகிறாய் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போய், ஒரு பெண்குழந்தை தன் அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி செய்துவிட்டேன் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை, அது போகாமல் இருப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.